படத்தில் வீடு இருக்கிறது, மரக்காணம் எங்கே?

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் மரக்காணம் வட்டாரத்தில் இன்று யார் வீடு கட்டக் கிளம்பினாலும் முதலில் கைக்கு வருவது ஒரு படம்தான். மண் பரிசோதனைக்கு முன்னால், சில வீடுகளில் மனையை அளந்து கல் நடுவதற்கும் முன்னால், அது வாட்ஸ்அப்பில் வந்து விழுந்துவிடுகிறது. ‘3டி எலிவேஷன்’ என்கிறார்கள். போன் கை மாறிக் கை மாறிப் போகிறது. வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று அனுப்பியாகிறது. மேஸ்திரியிடம் நீட்டி, “அண்ணே, இதே மாதிரி வந்துடும்ல?” என்று கேட்கிறார்கள். அவரும் “வந்துடும்மா, பாத்துக்கலாம்” என்கிறார்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. கருநீல வானம், வாசலில் பச்சைப் புல்தரை, போர்ட்டிகோவில் நம் பக்கம் ஓடியே பார்த்திராத ஒரு கார். பக்கத்து வீடு இல்லை, மின்கம்பம் இல்லை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகூட இல்லை. மனைக்குக் கொஞ்ச தூரத்திலேயே உப்பளப் பாத்திகள் தொடங்கிவிடும், அவையும் இல்லை. மேற்கு ஜன்னலில் சாயங்கால வெயில் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. அதே வீட்டைத் தூக்கிக் கோயம்புத்தூரில் வைத்தாலும் படம் மாறாது. கனடாவில் வைத்தாலும் மாறாது.

மென்பொருளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு குடும்பம் ஆயுள் சேமிப்பைக் கொட்டிக் கட்டப்போகும் வீட்டை, முதல் லோடு செங்கல் இறங்குவதற்கு முன்பே உள்ளே நுழைந்து சுற்றிப் பார்க்க முடிகிறது. நம் தாத்தா பாட்டிக்குக் கிடைக்காத வசதி இது. ஆனால், நல்ல படம் என்றால் பளபளவென்று இருக்க வேண்டும் என்று நினைத்து, அந்த வசதியைப் பாதிக்கு மேல் வீணடிக்கிறோம். என்னைக் கேட்டால், கட்டி முடித்து ஐந்து வருஷம் ஆன பிறகும் பொய்யாகாத படம்தான் நல்ல படம். அது வேண்டும் என்றால் மென்பொருளிடம் நம் ஊரைச் சொல்ல வேண்டும். இங்கே அடிக்கிற வெயில், வீசுகிற காற்று, சுவரை அரிக்கிற உப்பு, பெய்கிற மழை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

கொலராடோ வெயில்

வீடு வரைபவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஒன்று ஸ்கெட்ச்அப். 2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற நகரில் இருந்த ஒரு சிறிய நிறுவனம் வெளியிட்டது. 2006-ல் கூகுள் வாங்கியது. 2012-ல் ட்ரிம்பிள் நிறுவனத்திடம் போனது. கை மாறினாலும் பிறந்த ஊர் அதன் நினைவில் தங்கிவிட்டது. நீங்கள் ஊர் எது என்று சொல்லாமல் நிழலைப் போடச் சொன்னால், அது வழக்கமாகப் போல்டர் நகரத்து வெயிலைத்தான் உங்கள் வீட்டின் மேல் அடிக்கும்.

போல்டர் இருப்பது 40 டிகிரி வட அட்சத்தில். மரக்காணம் 12 டிகிரியைச் சற்றே தாண்டி இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் போல்டரில் சூரியன் தொடுவானத்திலிருந்து 27 டிகிரி உயரம்கூட ஏறாது. அதே நாளில் மரக்காணத்தில் 54 டிகிரி உயரத்தில் நின்று காயும். ஜூன் மாதத்தில் சூரியன் நிற்கும் திசையே வேறு. போல்டரில் வருஷம் முழுக்க உச்சி வெயில் தெற்கிலிருந்துதான். நமக்கோ ஏப்ரல் 20-ஐத் தாண்டியதிலிருந்து ஆகஸ்ட் 20 வரை, ஏறத்தாழ நான்கு மாதம், நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயில் விழும். கொலராடோ கணக்கில் போட்ட படத்தில் அந்த ஜன்னல் ஜூன் மாத நண்பகலிலும் நிழலில் இருக்கும். அதை நம்பி, ‘வடக்குதானே’ என்று சன்ஷேடு இல்லாமல் விட்டவர்கள் முதல் கோடையிலேயே திரைச்சீலை வாங்க ஓடுகிறார்கள்.

சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும். இடம் கேட்கும் பெட்டியில் அட்சம் 12.2 வடக்கு, தீர்க்கம் 79.95 கிழக்கு என்று கொடுங்கள். நேர மண்டலத்தில் ஐந்தரை மணி என்று இருக்கிறதா பாருங்கள். அந்த அரை மணி தவறினால் சூரியன் தன் பாதையில் ஏழரை டிகிரி தள்ளிப் போய்விடும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மாடலில் ஒரு கம்பத்தை நட்டு, அதன் நிழல் எந்த நேரத்தில் மிகக் குட்டையாகிறது என்று கவனியுங்கள். மரக்காணத்தில் அது 12.10 மணியை ஒட்டி வர வேண்டும். மாதத்தைப் பொறுத்து பத்து, பதினைந்து நிமிஷம் முன்பின் ஆகலாம். பதினொன்றரைக்கோ ஒரு மணிக்கோ வந்தால் எங்கோ தப்பு.

அடுத்தது திசை. காகிதத்தின் மேல் பக்கம்தான் வடக்கு என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். நம் மனைகள் அப்படி இருப்பதில்லை. தெரு எந்தக் கோணத்தில் போகிறதோ அந்தக் கோணத்தில்தான் மனையும் கிடக்கும். மனையின் ஒரு எல்லைக் கோட்டில் நின்று திசைகாட்டி வைத்துக் கோணத்தைக் குறித்து, மாடலில் வடக்கைத் திருப்ப வேண்டும். நம் பக்கத்தில் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான் வித்தியாசம், ஆகையால் போனில் இருக்கும் திசைகாட்டியே போதும். இரும்புக் கேட்டின் பக்கத்தில் நின்று மட்டும் பார்க்காதீர்கள்.

விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் தயங்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஸ்வீட் ஹோம் 3டி-யில் மூலையில் ஒரு திசைகாட்டிப் படம் இருக்கும். அதை இரட்டைச் சொடுக்கு செய்தால் ஊரும் வடக்கும் கேட்கும். ப்ளெண்டரும் இலவசம்தான். அதில் சூரியனின் இடத்தைத் தேதி, நேரம், ஊர் கொண்டு கணக்கிடும் துணைக் கருவி உண்டு.

மேற்கு ஜன்னல்

ஊரைச் சொன்னபின் மென்பொருள் என்னென்ன காட்டும் என்பதற்கு ஒரே ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். மேற்குச் சுவரில் நாலடி உயர ஜன்னல். அதன் மேல் இரண்டடி நீட்டிய சன்ஷேடு. எல்லா வீட்டிலும் போடுவதுதான். மே மாதம், மாலை 4 மணி. மரக்காணத்தில் அப்போது சூரியன் சுமார் 35 டிகிரி உயரத்தில், மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். அந்த இரண்டடி சன்ஷேடு கீழே தரும் நிழல் ஒன்றரை அடிக்கும் சற்றுக் குறைவு. மிச்சம் இரண்டரை அடிக்கு மேல் ஜன்னல் வெயிலில் கிடக்கும். ஐந்து மணிக்கு நிழல் இன்னும் சுருங்கும். ராத்திரி படுக்கப் போகும்போது சுவர் கொதிப்பதன் காரணம் இதுதான்.

அதே இரண்டடி சன்ஷேடு தெற்குச் சுவரில் இருந்தால் டிசம்பர் நண்பகலில் இரண்டே முக்கால் அடிக்கு நிழல் தரும். வடக்குச் சுவரில் ஜூன் நண்பகலுக்கு அரையடிப் பட்டை இருந்தாலே இரண்டரை அடிவரை மறைத்துவிடும். ஆக, நாலு பக்கத்துக்கும் ஒரே அளவு சன்ஷேடு போடும் வழக்கத்தில் காசு ஒரு பக்கம் வீணாகிறது, வெயில் இன்னொரு பக்கம் உள்ளே வருகிறது. மேற்குக்குக் கிடைமட்டப் பலகை போதாது. செங்குத்துத் தடுப்பு வேண்டும், இல்லையென்றால் ஜாலிச் சுவரோ தாழ்வாரமோ வேண்டும். இடம் இருந்தால் ஒரு பூவரசு. இவை ஒவ்வொன்றையும் மாடலில் வைத்து, மே மாத நாலு மணிக்கு நகர்த்திப் பார்க்கலாம். இதற்கு ஒளியும் நிறமும் சேர்த்துப் படமாக்கும் ரெண்டரிங்கூட வேண்டாம், வெறும் நிழல் போதும். ஒரு பலகையை நகர்த்த அங்கே ஒரு சொடுக்கு. சைட்டில் என்றால் சென்ட்ரிங் பிரித்து, கம்பி வெட்டி, கூலி கொடுத்து, ஒரு வாரம்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே இதைச் சாதித்த கட்டடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்ட்’ விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமாவும் ஃப்ரான்டிஷெக் சாமரும் உடனிருந்து, 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். நீளமான இரண்டு பக்கமும் வடக்கும் தெற்கும் பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள். கிழக்கு, மேற்கு வெயிலுக்குக் குறுகிய பக்கம் மட்டுமே காட்டியிருக்கிறார்கள். ஜன்னல்களுக்குப் பதில், சுவர் முழுக்கத் திறந்து மூடும் கிடைப் பலகைகள். ஏ.சி. இல்லாமல் காற்றோட்டமாக இருக்கிறது. பென்சிலும் ஸ்கேலும் வைத்துச் சூரியனைக் கணக்குப் பார்த்தவர்கள் செய்த வேலை அது. நம் கையில் இருக்கும் கருவி அந்தக் கணக்கை நொடியில் போட்டுத் தருகிறது. அதை வாசல் தூணுக்கு எத்தனை வளைவு வைக்கலாம் என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தரையிலிருந்து வரும் வெளிச்சம்

ரெண்டரிங் என்பது வெளிச்சத்தின் கணக்கு. சூரியனிலிருந்து கிளம்பிய ஒளி தரையில் பட்டு, சுவரில் பட்டு, கூரையில் பட்டு, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நிறத்தையும் பலத்தையும் இழந்து நம் கண்ணுக்கு வருகிறது. இந்த ஓட்டம் முழுவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்கி 1986-ல் கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா எழுதிவைத்தார். ப்ளெண்டரின் சைக்கிள்ஸ், வி-ரே போன்ற ரெண்டரிங் கருவிகள் இன்றும் அந்தச் சமன்பாட்டுக்குத்தான் விடை தேடுகின்றன.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம், வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதுவும் வீட்டுக்குள் வெளிச்சம் அடிக்கும் என்பது. பச்சைப் புல்தரையைப் போட்டால் கூரையின் அடிப்பக்கத்தில் பச்சைச் சாயல் ஏறும். செம்மண் போட்டால் சுவரின் கீழ்ப்பகுதி சிவக்கும். உப்பளத்தை ஒட்டிய வீட்டுக்குச் சுற்றுப்புறம் எப்படி? தை, மாசியில் தொடங்கி ஐப்பசி மழை பிடிக்கும்வரை பாத்திகளில் தண்ணீர் கண்ணாடி விரித்துக் கிடக்கும். வாரிக் குவித்த உப்பு அம்பாரம் அம்பாரமாக வெள்ளை அடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கண் எரிச்சல் வருவது மேலே இருக்கும் சூரியனால் மட்டுமல்ல. கீழேயிருந்தும் வெளிச்சம் குத்துகிறது. உப்பளத்தைப் பார்த்த ஜன்னலுக்கு மேலிருந்து மறைக்கும் சன்ஷேடு இந்த வெளிச்சத்தைத் தடுக்காது.

ஆகவே மாடலில் புல்தரையை எடுத்துவிட்டு, அந்தத் திசையில் வெளிர் சாம்பல் வெள்ளையில் ஒரு பெரிய தளத்தைப் போடுங்கள். இடையிடையே தண்ணீர்ப் பட்டைகள். பிறகு காலை ஏழரைக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கிழக்கே பாத்தி இருக்கும் வீட்டில் ஹாலின் கூரையில் வெளிச்சம் அடிப்பது தெரியும். அது சிலருக்கு வேண்டாத கூச்சம். சிலருக்கோ பகலில் டியூப்லைட் போடாமல் மிச்சம் பிடிக்கும் வழி. எதுவானாலும் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

விளக்குகளைப் பற்றி ஒரு சொல். வரையக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அறை இருட்டாக இருந்தால் உடனே கண்ணுக்குத் தெரியாத நாலைந்து விளக்குகளை மூலையில் ஒளித்துவைக்கிறார்கள். படம் பிரகாசமாகிறது, நிழல் செத்துப்போகிறது. எல்லாம் தட்டையாக, பிளாஸ்டிக் சாயலில் தெரிகிறது. முதலில் சூரியனும் வானமும் மட்டும் வைத்து ரெண்டர் செய்யுங்கள். அறை இருட்டாக வந்தால், கேமராவின் எக்ஸ்போஷரைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் இருட்டு என்றால் கட்டப்போகிற அறையே இருட்டு. ஜன்னலைப் பெரிதாக்குங்கள்.

உப்பு பூக்கும் சுவர்

படம் செயற்கையாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் பொருள்களின் மேற்பரப்பு. அப்பட்டமான வெள்ளை என்று எந்தச் சுவரும் கிடையாது. நிறப் பெட்டியில் மூன்று எண்களையும் 255 என்று கொடுக்காமல் 230-ஐ ஒட்டிக் கொடுத்துப் பாருங்கள். சுவரில் நிழலின் படிகள் தெரியத் தொடங்கும். சொரசொரப்பு என்று ஒரு அளவு இருக்கும்: 0 என்றால் கண்ணாடி, 1 என்றால் சுண்ணாம்புச் சுவர். எல்லாப் பொருளுக்கும் ஒரே எண்ணை விட்டுவைத்தால் மரமும் டைல்ஸும் சிமென்ட்டும் ஒரே மாதிரி மினுங்கும். செங்கல்லின் நீளம் 9 இன்ச். படத்தில் ஒட்டிய செங்கல் ஒன்றரை அடி நீளம் வந்தால், காரணம் தெரியாமலேயே பார்க்கிறவர் கண்ணுக்கு வீடு பொம்மை வீடாகத் தோன்றும். சுவர் முனைகளையும் மேஜை விளிம்புகளையும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மழுக்கிவிடுங்கள். வெளிச்சம் அங்கே ஒரு கோடாகப் பிடிக்கும்.

உயர்தர மேற்பரப்புப் படங்களைப் பாலி ஹேவன் தளம் இலவசமாக, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் தருகிறது. ஆனால் அதில் நம் ஊர்ச் சுவர் கிடைக்காது. மேகமூட்டமான நாளில், நிழல் விழாத நேரத்தில், சுவருக்கு நேராக நின்று போனில் படம் எடுத்து அதையே பயன்படுத்தலாம். நம் மண்ணில் சுட்ட செங்கல்லுக்கு இருக்கும் நிறம் வேறு.

கடலோரத்தில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். இங்கே சுவரில் உப்பு பூக்கும். தரையிலிருந்து இரண்டு, மூன்றடி வரை ஈரம் ஏறி, பெயின்ட் பொரிந்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். இரும்பு கிரில் துருவேறி அதன் சாறு சுவரில் வழியும். கம்பி துருப்பிடித்தால் ஊதி, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். இதற்காகத்தான் இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456 விதி, 2000-ம் ஆண்டுப் பதிப்பில், கடலோரச் சூழலைக் ‘கடுமை’ வகையில் வைத்திருக்கிறது. அங்கே குறைந்தபட்சம் எம்30 தரக் கான்கிரீட். கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். உள்நாட்டில், மழையும் ஈரமும் அண்டாத ‘லேசான’ வகைக்கு எம்20-யும் 20 மில்லிமீட்டரும் போதும்.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு 3டி படத்துக்கு வாருங்கள். இப்போது எல்லா எலிவேஷனிலும் கத்தி முனையாக இரண்டு இன்ச் கனத்தில் சன்ஷேடும் பால்கனிப் பட்டையும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேலே 45, கீழே 45, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக 8 மில்லிமீட்டர் கம்பி இரண்டு. கூட்டினால் 106 மில்லிமீட்டர். நாலு இன்ச்சுக்கு மேல் ஆகிறது. இரண்டு இன்ச் பலகையை மரக்காணத்தில் விதிப்படி போடவே முடியாது. மீறிப் போட்டால் சில வருஷங்களில் கம்பி வெளியே எட்டிப் பார்க்கும். வரைகிறவர் முதலிலேயே நாலரை இன்ச் என்று மாடலில் வைத்துவிட்டால், வீட்டின் அழகு அந்தக் கனத்தோடு சேர்ந்து வடிவம் பெறும். பிற்பாடு சைட்டில் கனம் கூடும்போது ‘படத்துல இருந்த மாதிரி இல்லையே’ என்று வீட்டுக்காரரும் மேஸ்திரியும் முகம் சுளித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதே மாடலில் ஐந்து வருஷம் கழித்து வீடு எப்படி இருக்கும் என்று ஒரு படம் போடச் சொல்லுங்கள். ஜன்னல் ஓரத்தில் மழைநீர் வழிந்த கறை, கிரில்லின் அடியில் துரு, மூன்றடிக்குக் கீழே ஈரப் பட்டை. பார்க்க நன்றாக இராது. ஆனால் எங்கே நீர்வடி பட்டை வேண்டும், எங்கே இரும்பை விட்டு மரமோ யு.பி.வி.சி.யோ போகலாம், கீழ்ச்சுவருக்கு என்ன பூச்சு என்று பேச்சு தொடங்குவது அந்தப் படத்திலிருந்துதான்.

கேமரா நிற்கும் இடம்

பத்துக்குப் பத்து அறை படத்தில் கல்யாண மண்டபமாகத் தெரிகிறதா? கேமரா சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது, லென்ஸும் அகலக் கோணத்தில் இருக்கிறது என்று பொருள். 18 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 90 டிகிரியை அள்ளும். கட்டில் இழுபட்டு ஓடம்போல நீளும். 35 மில்லிமீட்டர் 54 டிகிரிதான் காட்டும். அறைக்குள்ளேயே, ஐந்தடி உயரத்தில், 28-லிருந்து 35 வரை வைத்து, செங்குத்துக் கோடுகள் சாயாமல் எடுத்தால் வருவதுதான் நீங்கள் வாழப்போகும் அறை. சின்னதாகத் தெரியும். தெரியட்டும்.

சின்ன வீடுகளுக்கு இது உயிர் விஷயம். 2024-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி. அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய். உப்பளத்திலும் படகிலும் வேலை செய்கிற குடும்பங்களுக்கு மழை மாதங்களில் கையில் காசு புரளாது. அந்த 360 சதுர அடியில் ஒரு கதவு தப்பான பக்கம் திறந்தால் பீரோ வைக்க இடம் இருக்காது. ஆகவே மாடலில் சோபா செட்டும் பூச்சாடியும் வைப்பதை விட்டு, வீட்டில் உண்மையில் இருக்கும் சாமான்களை டேப் வைத்து அளந்து வையுங்கள்: பீரோ, கிரைண்டர், சிலிண்டர், தண்ணீர்க் குடங்கள், மடக்குக் கட்டில், துணிக்கொடி, பிள்ளைகள் உட்கார்ந்து எழுதும் இடம், வலை வைத்திருப்பவர் வீட்டில் வலைக்கு ஒரு மூலை. கதவுகளைத் திறந்த நிலையில் வரையுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே கடந்து போக இடம் இருக்கிறதா என்று நடத்திப் பாருங்கள். பெரிய பங்களாவுக்கு அலங்காரமாக இருக்கும் மென்பொருள், இந்த வீட்டுக்குத்தான் அதிகம் உதவும். இலவச மென்பொருளும் ஒரு சாயங்காலமும் இருந்தால் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளையே இதைச் செய்துவிடலாம். பஞ்சாயத்துக்கு ஒருவர் இப்படி உட்கார்ந்து வரைந்து கொடுக்க ஏற்பாடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தண்ணீர் நின்ற அளவு

2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தெருவில் எந்த வீட்டுப் படி வரை தண்ணீர் வந்தது என்பது தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த உயரத்தை அளந்து, மாடலில் நீல நிறத்தில் ஒரு கண்ணாடித் தளமாக மனை முழுக்க விரியுங்கள். வாசற்படி, ஸ்விட்ச் பாக்ஸ், செப்டிக் டேங்க் மூடி, மோட்டார் எதெது நீலத்துக்குக் கீழே போகிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பேஸ்மட்டத்தை இன்னும் ஒரு அடி ஏற்றுவதா என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த மாதிரி சோதனைகளுக்குப் படத்தின் தரம் பொருட்டே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம் பூசி, சின்ன அளவில் போட்டால் சாதாரணக் கம்ப்யூட்டரிலும் சட்டென்று வரும். வெளிச்சமும் கோணமும் சரியான பிறகு மேற்பரப்புகளைச் சேர்த்து, கடைசியில் பெரிய அளவில் ஒரே தடவை ஓடவிடுங்கள். புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தால் அதை நீக்கும் வசதி ப்ளெண்டரிலேயே உண்டு. அளவு மிஞ்சினால் கிரில் கம்பியும் மர ரேகையும் சேர்ந்து மழுங்கும், பார்த்துச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி, தெளிவைக் கெடுத்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் ஒரு கோட்டுப் படத்தைக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் மயக்கும் படம் தருகின்றன. நிறம் தேர்ந்தெடுக்க, ஆசையை வரைந்து காட்ட அவை நல்ல துணை. ஆனால் அவற்றுக்கு அளவு தெரியாது. மூன்று ஜன்னல் இருந்த இடத்தில் நாலு வரும்; தாங்கத் தூண் இல்லாத பால்கனி அந்தரத்தில் நிற்கும். அந்தப் படத்தை மேஸ்திரி கையில் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மேஸ்திரி கையில் கொடுக்க வேண்டியவை அளவு போட்ட பிளானும், குறுக்குவெட்டுப் படமும், கம்பி விவரமும். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லது. வரைபடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு அந்த அளவுக்கு நம் தலையில் ஏறியிருக்கிறது.

திரையில் எல்லாம் சரியான பிறகும் ஒரு வேலை பாக்கி. கட்டடக்கலைஞர் அனுபமா குண்டூ 2000-ல் ஆரோவில்லில் தனக்காகக் கட்டிய ‘வால் ஹவுஸ்’ வீட்டை, 2012-ல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் காட்ட வேண்டி வந்தது. படங்களை மாட்டாமல், இங்கிருந்து கைவினைஞர்களை அழைத்துப்போய், வீட்டை அதே அளவில் அங்கே கட்டி நிறுத்தினார். உள்ளே நடந்தால்தான் வீடு புரியும் என்று நினைத்திருக்கிறார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மனையில் கயிறு அடித்து, சுண்ணாம்புப் பொடியால் அறைகளைக் கோடு போட்டு, வீட்டுப் பெண்களைச் சமையலறைக் கோட்டுக்குள் நின்று திரும்பிப் பார்க்கச் சொல்லலாம். அரை மூட்டைப் பொடி ஆகும்.

வீடு கட்டப்போகிற ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன், வரைந்தவரிடம் ஒரே ஒரு படம் கூடுதலாகக் கேளுங்கள்: மே மாதம், மாலை 4 மணி, மேற்குப் படுக்கையறைக்குள் நின்றபடி, மரக்காணத்து வெயிலில். சரியான மாடல் அவரிடம் இருந்தால் பத்து நிமிஷத்தில் தந்துவிடுவார். தராதவரிடம் வீட்டை ஒப்படைக்காதீர்கள்.